49 ஆண்டு ஆராதனை: கேரி நகரத்து சிட்டி மெதடிஸ்ட் ஆலயம் காலியான கதை

1973இல் அந்த ஆலயத்தின் பதிவேட்டில் மிஞ்சியிருந்தவர்கள் 320 பேர். அவர்களிலும் ஞாயிறு தவறாமல் வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே சபையில் 3,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1975இல் கதவைப் பூட்டினார்கள். சபை திரும்பி வரவே இல்லை.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் தென்கரையில் இருக்கும் கேரி நகரத்தின் சிட்டி மெதடிஸ்ட் ஆலயத்தைத்தான் சொல்கிறேன். சிகாகோவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கைவிடப்பட்ட கட்டடங்களைப் படம் பிடிப்பவர்கள் அமெரிக்கா முழுவதிலுமிருந்து இங்கே வருகிறார்கள். கூரையில்லாத கூடம், கண்ணாடி இல்லாத பெரிய ஜன்னல், உடைந்த கற்களுக்கு நடுவே வளர்ந்த செடி: இந்தப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருக்கலாம். கீழே பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதியிருப்பார்கள்: "உருக்குத் தொழில் படுத்தது, ஊர் காலியானது, ஆலயமும் செத்தது."

அந்த வரியை நானும் பல வருடம் நம்பினேன். ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது அது சரியில்லை என்று தெரிந்தது. இந்த ஆய்வு அதைப் பற்றித்தான்.

உள்ளே

முதலில் இடம். பிராட்வே என்ற முக்கியத் தெருவுக்கு அடுத்த இணைத்தெரு வாஷிங்டன் தெரு. அதன் ஆறாம் அவென்யூ முனையில் ஆலயம் நிற்கிறது. வெளிச்சுவர் இந்தியானா சுண்ணாம்புக்கல், எலும்புக்கூடு உருக்கு. உருக்கு நகரத்தில் வேறு எதில் கட்டுவார்கள்? ஆனால் தெருவில் நின்று பார்த்தால் உருக்கு இருப்பதே தெரியாது. ஆங்கிலேயக் கோதிக் பாணியில் கூர்வளைவுகளும் உயர்ந்த கோபுரமுமாக, பல நூற்றாண்டுகள் பழையது போலத் தோற்றம். சிகாகோவின் லோ அண்ட் போலன்பாக்கர் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்தது. 1926 அக்டோபரில் பிரதிஷ்டை செய்தார்கள்.

நகர நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே போவது அத்துமீறல். அதைவிட, அது ஆபத்து. நான் போனது அனுமதி வாங்கிய ஒரு சிறு குழுவோடு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு. அப்படியும் சுவரை ஒட்டி நிற்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னார்கள். காரணம் உள்ளே போனதும் புரிந்தது. தரை முழுக்க மேலேயிருந்து விழுந்தவைதான் கிடந்தன: கல், செங்கல், சுண்ணப்பூச்சு, கருகிய மரம். எது எப்போது விழுந்தது என்று சொல்ல முடியாது. அடுத்தது எப்போது விழும் என்றும் சொல்ல முடியாது.

ஆராதனைக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம். இரண்டு பக்கமும் கூர்வளைவுத் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. பெரிய ஜன்னலில் கண்ணாடி ஒன்றுகூட இல்லை. ஆனால் கல்லில் செதுக்கிய கொடிப் பின்னல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வண்ணக் கண்ணாடி இருந்த காலத்தில் அந்தப் பின்னல் கண்ணில் பட்டிருக்காது. இப்போது அது மட்டும்தான் தெரிகிறது. பாடகர் குழு நின்ற இடம், பீடம் இருந்த மேடை எல்லாம் அடையாளம் தெரிகிற அளவுக்கு மிச்சம் இருக்கின்றன. எட்டுகிற உயரம் வரை சுவரெல்லாம் பெயின்ட் கிறுக்கல்.

பெரும்பாலான படங்கள் இந்தக் கூடத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பின்னால் இருக்கும் மற்ற பகுதி. இந்த ஆலயத்தை ஒன்பது மாடிக் கட்டடம் என்பார்கள். அப்படிச் சொல்வது கூடத்தை அல்ல, அதோடு ஒட்டிக் கட்டிய வளாகத்தை. அங்கே ஞாயிறு பள்ளி வகுப்பறைகள், அலுவலகங்கள், உணவுக்கூடம், உடற்பயிற்சிக்கூடம், அப்புறம் சீமன் ஹால் என்ற நாடக அரங்கம். அரங்கில் ஏறக்குறைய 1,000 இருக்கைகள். மேடையும் மாடியிருக்கைகளும் இருந்த ஒரு முழு அரங்கம், ஒரு ஆலயத்துக்குள்.

ஏன் ஒரு ஆலயத்துக்கு இவ்வளவு? இதற்கு விடை தேடினால்தான் மற்ற கேள்விகளுக்கும் வழி திறக்கும்.

பணம் எங்கிருந்து வந்தது

கேரி இயல்பாக வளர்ந்த ஊர் அல்ல. 1906இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் ஏரிக்கரை மணல்மேடுகளைச் சமப்படுத்தி, கிராண்ட் கேலுமெட் ஆற்றின் தடத்தையே மாற்றி, ஆலையோடு சேர்த்துக் கட்டிய ஊர். நிறுவனத்தின் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். மெதடிஸ்ட் சபையும் ஊர் பிறந்த அதே ஆண்டில் அங்கே தொடங்கியது.

மெதடிஸ்ட் என்றால் நம் வாசகர்களில் சிலருக்கு வெஸ்லி என்ற பெயர்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டின் வெஸ்லியன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்துவிட்டன. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி சுரங்கத் தொழிலாளிகளிடமும் ஏழைகளிடமும் திறந்தவெளியில் பிரசங்கம் செய்து வளர்த்த இயக்கம்தான் மெதடிசம். உழைப்பவர்களின் சபை என்ற எண்ணம் அதன் வேரிலேயே உண்டு. அமெரிக்காவின் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை 1908இல் ஒரு சமூக அறிக்கையையே ஏற்றுக்கொண்டது. குழந்தைத் தொழில் ஒழிய வேண்டும், ஆபத்தான எந்திரங்களிலிருந்து தொழிலாளிக்குப் பாதுகாப்பு வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், வாழப் போதுமான கூலி வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது.

சரி, அப்போது கேரியின் ஆலையில் என்ன நிலை? ஒரு நாளைக்கு 12 மணி நேர வேலை. பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறும் வாரத்தில் 24 மணி நேரம் தொடர்ந்து நிற்க வேண்டும். 1919 செப்டம்பரில் நாடு முழுவதும் சுமார் 3.5 லட்சம் உருக்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேரிக்கு ஜெனரல் லியோனார்ட் வுட் தலைமையில் ராணுவமே வந்து இறங்கியது. 1920 ஜனவரியில் வேலைநிறுத்தம் தோற்றது. அந்த வேலைநிறுத்தத்தை விசாரிக்கப் புராட்டஸ்டன்ட் சபைகளின் கூட்டமைப்பு ஒன்று குழு அமைத்தது. அதன் தலைவர் பிரான்சிஸ் மெக்கானல், ஒரு மெதடிஸ்ட் பிஷப். 12 மணி நேர வேலையைக் கடுமையாகக் கண்டித்தது அந்த அறிக்கை. பொதுமக்கள் எதிர்ப்பு வலுத்து, 1923இல் யு.எஸ். ஸ்டீல் அந்த முறையைக் கைவிட ஆரம்பித்தது.

இதற்கு இரண்டு ஆண்டு கழித்து, அதே நிறுவனத்தின் பணத்தில் கேரியில் மெதடிஸ்ட் ஆலயம் எழுந்தது. மொத்தச் செலவு 8 லட்சம் டாலருக்கும் 10 லட்சம் டாலருக்கும் இடையில். அதில் ஏறக்குறைய பாதி யு.எஸ். ஸ்டீல் கொடுத்தது. எல்பர்ட் கேரியே மெதடிஸ்ட் குடும்பத்துப் பிள்ளை. தன் பெற்றோர் நினைவாக இல்லினாய் மாநிலத்தில் தன் சொந்த ஊரான வீட்டனில் ஒரு மெதடிஸ்ட் ஆலயம் கட்டிக்கொடுத்தவர். ஆகவே அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பக்தியும் கணக்கும் ஒரே மனிதரிடம் இருக்கலாம். தொழிலாளி ஓய்வு நேரத்தில் சாராயக் கடைக்கோ சங்கக் கூட்டத்துக்கோ போவதைவிட ஆலயத்தின் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போவது நிறுவனத்துக்கு நல்லது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. காணிக்கைத் தட்டில் விழும் பணத்தைப் பார்த்து ஒரு சபை கட்டினால், கட்டடம் சபையின் அளவில் இருக்கும். பாதிப் பணம் வெளியிலிருந்து வந்தால், கட்டடம் கொடுத்தவரின் அளவுக்கு வளர்ந்துவிடும். கட்டும் செலவில் பாதியை நிறுவனம் கொடுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் ஒன்பது மாடியைச் சூடாக்கும் செலவு சபையின் தலையில்.

சீமன் நினைத்தது

ஆனால் இந்தக் கதையில் நிறுவனம் மட்டும் இல்லை. வில்லியம் கிராண்ட் சீமன் என்ற போதகரும் இருக்கிறார். டகோட்டா வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்துவிட்டு 1916இல் கேரிக்கு வந்தவர். இந்த ஆலயத்தைக் கனவு கண்டவர் அவர்தான். அரங்கத்துக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான்.

வாரத்தில் ஏழு நாளும் திறந்திருக்கும் ஆலயம் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். புறநகர் மரத்தடியில் அமைதியாக இருக்கும் ஆலயம் அவருக்கு வேண்டியதில்லை. கடைத்தெரு நடுவில், பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளிகள் நடமாடும் இடத்தில் வேண்டும். நாடகம், இசை, விளையாட்டு, பாடம் எல்லாம் அங்கேயே. ஒன்பது மாடியின் அர்த்தம் அதுதான்.

வகுப்பறைகளின் எண்ணிக்கைக்கும் கேரிக்கே உரிய ஒரு பின்னணி உண்டு. வில்லியம் வர்ட் என்பவர் 1907 முதல் 1938 வரை கேரியின் பள்ளிகளை நடத்தினார். மாணவர்கள் வகுப்பறை, பட்டறை, விளையாட்டுத் திடல் என்று முறைவைத்து மாறிக்கொண்டே இருக்கும் அவருடைய திட்டம் அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்தத் திட்டத்தில் 1914 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. பெற்றோர் விரும்பினால், பிள்ளைகள் பள்ளி நேரத்திலேயே தங்கள் சபைக்குப் போய் மதபாடம் படித்துவிட்டு வரலாம். பள்ளி நேரத்தில் மதபாடத்துக்கு அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் பரவியதே இந்த ஊரிலிருந்துதான். ஆக ஆலயத்துக்கு வார நாட்களிலும் வகுப்பறை தேவைப்பட்டது. இடிபாட்டுக்குள் நடக்கும்போது அறைக்குப் பின் அறையாக வருவது வெறும் ஆடம்பரம் அல்ல என்று எனக்கு இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

சீமனின் எண்ணத்தில் இன்னொரு பகுதியும் இருந்தது. இனங்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும் என்றார் அவர். அவருடைய சபையிலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை.

இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள். பிரதிஷ்டை 1926 அக்டோபர். 1927 செப்டம்பரில், அதாவது ஓராண்டு முடிவதற்குள், ஆலயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த எமர்சன் பள்ளியில் வெள்ளை மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பைப் புறக்கணித்தார்கள். சில கறுப்பின மாணவர்களை அந்தப் பள்ளிக்கு மாற்றியதுதான் காரணம். நகரம் மாணவர்களுக்குப் பணிந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி கட்டுவது என்று முடிவானது. பின்னர் எழுந்த ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளி அந்த முடிவின் விளைவு. அந்த வெள்ளை மாணவர்கள் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைகள்தானே? அந்த வீட்டார் ஞாயிறன்று ஏதோ ஓர் ஆலயத்துக்குப் போயிருப்பார்கள். நகரத்து வெள்ளை நடுத்தரக் குடும்பங்களின் பெரிய ஆலயம் சிட்டி மெதடிஸ்ட். 

1929இல் சீமன் கேரியை விட்டுப் போனார். அவர் கட்டிய அரங்கம் இருந்தது. அதை எதற்காகக் கட்டினாரோ அந்த எண்ணத்தின் பாதி அவரோடு போய்விட்டது என்பது என் கருத்து.

இதில் சபைத் தலைமைக்கும் பங்குண்டு. 1939இல் அமெரிக்காவின் மூன்று மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றாக இணைந்தன. இணைப்புக்கு விலையாக, கறுப்பினச் சபைகளின் மாநாடுகள் (நிர்வாகப் பிரிவுகள்) எல்லாவற்றையும் மத்திய வட்டாரம் என்ற பெயரில் தனியாக ஒதுக்கிவைத்தார்கள். மற்ற வட்டாரங்கள் ஊர் எல்லையை வைத்துப் பிரிக்கப்பட்டன. இது ஒன்று மட்டும் தோல் நிறத்தை வைத்து. 1968இல் ஐக்கிய மெதடிஸ்ட் சபை உருவானபோதுதான் அது ஒழிந்தது. ஆக, சிட்டி மெதடிஸ்ட் ஆலயத்தின் 49 ஆண்டுகளில் ஏறக்குறைய 30 ஆண்டுகள், வாஷிங்டன் தெருவில் குடியிருந்த ஒரு கறுப்பின மெதடிஸ்டுக்கு உரிய சபை அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆலயம் இல்லை என்று சபையின் சட்ட அமைப்பே சொல்லிக்கொண்டிருந்தது.

எப்போது காலியானது

இப்போது "உருக்குத் தொழில் படுத்தது" என்ற விளக்கத்துக்கு வருகிறேன்.

கேரியின் மக்கள்தொகை 1960இல் 1,78,320. இதுதான் உச்சம். 1970இல் 1,75,415. பத்து ஆண்டில் குறைந்தது 2,905 பேர், இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆலையில் 1970 வாக்கில் சுமார் 30,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரிய ஆட்குறைப்பு அதற்குப் பிறகுதான். 1990இல் சுமார் 6,000 ஆனது. மக்கள்தொகையின் பெரிய சரிவும் பிறகுதான்: 1980இல் 1,51,953, 1990இல் 1,16,646, 2020இல் 69,093.

ஆனால் ஆலயத்தின் உறுப்பினர்கள் 1950களின் உச்சத்திலிருந்து 1973க்குள் பத்தில் ஒரு பங்காகிவிட்டார்கள். அதாவது ஊர் நிறைந்திருந்தபோது, ஆலை முழுவேகத்தில் ஓடியபோது, ஆலயம் காலியானது. ஆலையின் வீழ்ச்சி ஆலயத்தைக் கொல்லவில்லை. ஆலை விழுமுன்பே ஆலயம் பூட்டப்பட்டுவிட்டது.

மாறியது மக்களின் எண்ணிக்கை அல்ல, யார் குடியிருந்தார்கள் என்பது. 1930இல் கேரியில் கறுப்பின மக்கள் சுமார் 18 சதவீதம். 1960இல் சுமார் 39 சதவீதம். 1970இல் பாதிக்கு மேல். 1967 நவம்பரில் ரிச்சர்ட் ஹாட்சர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்கப் பெருநகரங்களில் மேயரான முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர் அவர்; கிளீவ்லாந்தில் கார்ல் ஸ்டோக்ஸ் ஜெயித்ததும் அதே நாள்தான். வெள்ளைக் குடும்பங்கள் தெற்கே நகரத் தொடங்கியது இதற்கு முன்பே. ஆனால் இதற்குப் பிறகு அது வெள்ளமானது.

எவ்வளவு தூரம் போனார்கள் என்று பார்த்தால் வேதனையாக இருக்கிறது. கேரியின் தெற்கு எல்லையை ஒட்டியே இருக்கிறது மெரில்வில். பெரிய நகரத்தை ஒட்டிப் புதிய ஊராட்சி எதுவும் அமைக்கக் கூடாது என்று இந்தியானாவில் சட்டம் இருந்தது. மாநிலச் சட்டமன்றம் இந்த மாவட்டத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. 1971 டிசம்பரில் மெரில்வில் தனி ஊரானது. இனி கேரி அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள முடியாது. வரியும் அங்கேயே நின்றுவிடும். 1974இல் அந்தப் பக்கம் சவுத்லேக் மால் திறந்தது. பிராட்வேயின் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆலயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த பேலஸ் தியேட்டர் 1972லேயே மூடியாயிற்று. 1975இல் ஆலயம்.

போனவர்கள் மெதடிஸ்ட் சபையைக் கைவிடவில்லை. புறநகரில் வேறு மெதடிஸ்ட் ஆலயங்களுக்குப் போனார்கள். காரில் கால் மணி நேரம், இருபது நிமிடம். நினைத்தால் ஞாயிறன்று வந்துபோகிற தூரம். விசுவாசம் குறைந்ததால் காலியான ஆலயமாக இதைக் காட்டுவது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. கேரியில் மிஞ்சிய மக்களும் விசுவாசம் குறைந்தவர்கள் அல்ல. அங்கே கறுப்பினச் சபைகள் அப்போதும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன, ஞாயிறன்று வாசலில் கார்கள் நிற்கின்றன. ஆலயத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் குடியிருந்தார்கள். அவர்களுக்காக அந்தக் கதவு உரிய காலத்தில் திறக்கவில்லை. திறக்க நினைத்திருந்தாலும் 1970களில் நேரம் கடந்துவிட்டது. முந்நூறு பேரின் காணிக்கையில் ஒன்பது மாடியைக் காப்பாற்ற எவராலும் முடியாது.

கடைசிவரை இருந்த அந்த 320 பேரைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் ஓடிப்போகாதவர்கள். சீமன் ஹாலை இந்தியானா பல்கலைக்கழகத்தின் கேரி கிளை வகுப்புகளுக்குப் பயன்படுத்திக்கொண்டதும் ஆலயத்துக்கு ஓரளவு உயிர் கொடுத்தது.

பூட்டிய பிறகு

கல் கட்டடம் எப்படி இடிகிறது என்பது தனிக் கதை. சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர்தான் கொல்கிறது.

சூடாக்கும் எந்திரம் நின்றதும் முதல் குளிர்காலத்திலேயே வேலை ஆரம்பித்துவிடும். மொட்டைமாடி வடிகுழாயில் இலை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கிக் கல் இடுக்கில் இறங்கும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். கல்லை அது உள்ளிருந்து நெம்புகிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரே குளிர்காலத்தில் பல முறை உறைந்து பல முறை உருகும். இந்தக் கட்டடத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கல்லுக்குப் பின்னால் நிற்கும் உருக்கு. அது நனைந்து துருப்பிடித்தால் பருமன் கூடும். துரு, தன்மேல் ஒட்டியிருக்கும் கல்லை வெளியே தள்ளும். உருக்கே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய பழைய கோதிக் ஆலயத்துக்கு இந்த நோய் இவ்வளவு கடுமையாக வராது.

அப்புறம் மனிதர்கள். செம்புக் குழாய், மின்கம்பி, விற்க முடிகிற எல்லாம் போயிற்று. 1997 அக்டோபரில் கேரி நகர மையத்தில் பரவிய பெருந்தீயில் ஆலயமும் சிக்கியது. இன்று பார்க்கும் திறந்த வானத்துக்கு அந்தத் தீ பெரிய காரணம். அதற்குப் பிறகு மழையைத் தடுக்க ஒன்றும் இல்லை.

சினிமாக்காரர்கள் வந்தார்கள். உலகம் அழிந்த பிறகு வரும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்பதால் பல ஹாலிவுட் படங்களில் இந்த ஆலயம் வருகிறது. கல்யாணப் படம் எடுக்கவும் வருகிறார்கள். அந்தப் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. என் மனக்குறை ஒன்றுதான். அவற்றில் கேரி ஆளில்லாத ஊராகத் தெரிகிறது. கிட்டத்தட்ட 69,000 பேர் குடியிருக்கும் ஊர் அது. ஆலையும் பிராட்வேயின் வடக்கு முனையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூனில் யு.எஸ். ஸ்டீலை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியபோது இந்த ஆலையும் சேர்ந்து கைமாறியது. ஆலயத்தைவிட்டு வெளியே வந்து தெருவில் கொஞ்சம் நின்றால் பள்ளிப் பேருந்து போகும், யாராவது வணக்கம் சொல்வார்கள்.

2017இல் நைட் அறக்கட்டளை கேரி நகரத்துக்கு 1,63,333 டாலர் கொடுத்தது. முழுக்கச் சீரமைப்பது இனி நடக்காத காரியம் என்று ஒப்புக்கொண்டு, நிற்கிற சுவர்களைப் பத்திரப்படுத்தி, உள்ளே செடிகொடி வளர்த்து, மக்கள் பயமில்லாமல் வந்து உட்காரும் இடிபாட்டுத் தோட்டமாக ஆக்குவது என்பது திட்டம். இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கிலாந்தில் போரில் குண்டுவிழுந்த சில ஆலயங்களை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். லண்டனில் கிழக்கின் புனித டன்ஸ்டன் ஆலயம் இன்று ஒரு பூங்கா. ஆனால் 1926இல் 10 லட்சம் டாலரை நெருங்கிச் செலவான கட்டடத்துக்கு 1.63 லட்சம் மிகச் சிறிய தொகை. ஆபத்தான பகுதிகளை இறக்கவும், சுவர் உச்சிகளை மூடித் தண்ணீர் இறங்காமல் தடுக்கவும் மட்டுமே அதைவிடப் பல மடங்கு வேண்டும்.

அந்தத் தோட்டம் வருமானால் எங்கிருந்து தொடங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் ஆராதனைக் கூடத்தைத்தான் காப்பாற்ற நினைப்பார்கள். வளைவுகளும் ஜன்னலும் அங்கேதான் இருக்கின்றன, படத்தில் வருவதும் அதுதான். என்னைக் கேட்டால் சீமன் ஹாலின் மேடையையும் வகுப்பறைகளில் ஒன்றிரண்டையும் அதே அக்கறையோடு நிறுத்திவைக்கச் சொல்வேன். அந்தப் போதகர் ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார வேண்டும் என்று நினைத்த இடம் அந்த அரங்கம். ஆனால் கூரை விழுந்து அதுதான் வேகமாக அழிகிறது. கூடத்தின் தூண்கள் இன்னும் சில குளிர்காலம் தாங்கும். அரங்கத்தின் மாடியிருக்கைகள் அவ்வளவு தாங்காது என்று எங்களை அழைத்துப்போனவர் சொன்னார். அந்தப் பக்கம் போகக்கூட விடவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம்.